படத்துக்கு ஆயத்தொலைவு எழுதுவதை நிறுத்திவிட்டேன்

மென்பொருள் ஆவணங்கள் எழுதுவது என் வேலை. எந்த மாட்யூல் (நிரலின் தனிப்பகுதி) எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் படம் இல்லாமல் ஓர் அத்தியாயமும் முடியாது. டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் மேல் இயங்கும் லேட்டெக்கில், படம் வரைய உதவும் டிக்ஸ் தொகுப்பை வைத்து, பெட்டி பெட்டியாக ஆயத்தொலைவு கொடுத்து வரைந்தால் முதல் தடவை நன்றாகத்தான் வரும். நடுவில் புதிதாக ஒரு மாட்யூல் நுழைந்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற அத்தனையையும் நகர்த்த வேண்டும். இப்போதெல்லாம் எதிலிருந்து எதற்கு அம்பு போகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இடம் பிடிக்கும் வேலையை டெக் பார்த்துக்கொள்கிறது.

2013 இறுதியில் வந்த டிக்ஸ் 3.0-இல் பெட்டிகளுக்குத் தானே இடம் ஒதுக்கும் கிராஃப் டிராயிங் வசதி சேர்ந்தது. கணக்கெல்லாம் லுவா மொழியில் நடப்பதால் லுவாவை உள்ளடக்கிய லுவாலேட்டெக் கட்டாயம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது நல்லதுதான். எழுத்துருவை அழைக்கும்போது எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் நிரலை ரெண்டரராகக் கொடுத்துவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தத்தம் இடத்தில் சரியாக உட்காரும்.

பெட்டிகளை அடுக்கடுக்காக நிறுத்தும் 'லேயர்டு லேஅவுட்' என்று சொன்னதும் உள்ளே நடப்பது 1981-இல் சுகியாமா, டகாவா, டோடா மூவரும் வெளியிட்ட முறையின் வழிவந்தது. முதலில், அம்புகள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சுழல் இருந்தால் சில அம்புகளைத் தற்காலிகமாகத் திருப்பி அதை உடைக்கும். அப்புறம் ஒவ்வொரு கணுவையும் (பெட்டியையும்) ஓர் அடுக்கில் வைக்கும். ஓர் அம்பு இரண்டு மூன்று அடுக்குகளைத் தாண்டிப் போனால், இடைப்பட்ட ஒவ்வொரு அடுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத பொய்க்கணு ஒன்றைப் போடும். நீண்ட அம்புகள் பெட்டிகளின் மேல் ஏறாமல் ஒதுங்கிப் போவது இந்தப் பொய்க்கணுக்களால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்: அம்புகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைப்பது. மேல் அடுக்கில் அ, ஆ, இ என்று மூன்று கணுக்கள். இடங்கள் 1, 2, 3. கீழே க, ச இரண்டு. க-வுக்கு அ-விலிருந்தும் இ-யிலிருந்தும் அம்பு வருகிறது. ச-வுக்கு அ-விலிருந்து மட்டும். அம்பு வரும் இடங்களின் சராசரி க-வுக்கு 2, ச-வுக்கு 1. ஆகவே ச இடப்பக்கம், க வலப்பக்கம். ஒரு வெட்டும் இல்லை. மாற்றி வைத்தால் இ-யிலிருந்து வருவதும் ச-வுக்குப் போவதும் குறுக்கே மோதும். இப்படி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று பலமுறை போய்வந்தால் பெரும்பாலான சிக்கல்கள் அவிழ்ந்துவிடும். மிகக் குறைந்த வெட்டுகள் கிடைக்கும் என்று உறுதியில்லை. மேல் அடுக்கை அசையாமல் நிறுத்தி, கீழ் அடுக்கை மட்டும் வரிசைப்படுத்துவதே என்பி-ஹார்டு கணக்கு, அதாவது எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி தெரியாத கணக்கு. இவ்வளவு எளிய சராசரி இத்தனை தூரம் கைகொடுப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதே வேலையைத் தனியாகச் செய்யும் கிராஃப்விஸ் மென்பொருளின் டாட் நிரலும் இந்த வழியில்தான் அடுக்குகிறது, வேகமாகவும் அடுக்குகிறது. இருந்தாலும் படம் டெக்குக்குள்ளேயே உருவாவதையே விரும்புகிறேன். பெட்டிக்குள் இருக்கும் சொல்லை நூலின் எழுத்துருவிலேயே அச்சுக்கோத்து, அதன் உண்மையான அகலத்தை அளந்த பிறகுதான் இங்கே இடம் ஒதுக்கப்படுகிறது. 'அங்கீகாரச் சரிபார்ப்பு' போன்ற நீளமான பெயர் வந்தாலும் பக்கத்துப் பெட்டியை இடிக்காது. எழுத்தின் அளவை மாற்றினால் படமும் சேர்ந்து மாறும்.

முடிவு பிடிக்காவிட்டால் உடனே கையால் நகர்த்தக் கூடாது என்பது என் கட்சி. குறிப்பு கொடுத்தால் போதும். ஒரே மட்டத்தில் நிற்க வேண்டியவற்றை 'சேம் லேயர்' என்று கட்டலாம். ஓர் அம்பு குறைந்தது இரண்டு அடுக்காவது இறங்க வேண்டும் என்றால் 'மினிமம் லேயர்ஸ்'. இடமிருந்து வலமாக ஓட வேண்டும் என்றால் 'குரோ' திசையை மாற்றினால் ஆயிற்று. அம்புகளின் வளைவுக்கு 'ரவுண்டட் கார்னர்ஸ்' சேர்த்தால் படம் கண்ணுக்கு இதமாக இருக்கும். கணுக்கள் கூடும்போது தொகுக்கும் நேரமும் கூடும். அதனால் பெரிய படங்களைத் தனிக் கோப்பில் தொகுத்து, பிடிஎஃப்பாக நூலில் சேர்த்துக்கொள்கிறேன்.

சுழல்தான் படத்தின் விஷயமே என்றால் இந்த முறையைத் தொடமாட்டேன். காத்திரு, அனுப்பு, பதில் பெறு, மறுபடி காத்திரு என்று போகும் நிலை மாற்றங்களைக் காட்டும் ஒரு நிலைப்படத்தை அடுக்காக வரைந்தால் கடைசி அம்பு மட்டும் கீழிருந்து மேலே ஏறும். காத்திருப்பது தலைமை நிலை போலவும் மற்றவை அதன் கீழ் இருப்பவை போலவும் தோன்றும். அதற்குக் கணுக்களை வட்டமாக நிறுத்தும் 'சிம்பிள் நெக்லஸ் லேஅவுட்' அதே தொகுப்பில் இருக்கிறது.