படிவியல் பிராக்டிகல்: முதலில் உப்பைக் கழுவுங்கள்

எம்.எஸ்சி. ஜியாலஜி ரிசல்ட் வந்துவிட்டது. தியரியில் குறையில்லை. படிவியல் (மணல், சேறு படிவதை ஆராயும் பிரிவு) பிராக்டிகலில் மார்க் இறங்கியதற்கு ஒரே காரணம் சேற்றில் கழுவாமல் விட்ட உப்பு. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்; சல்லடைப் பகுப்பாய்வெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கத்துச் சேறு கைக்கு வந்தால், பைப்பெட் முறைக்கு (கலக்கிய சேற்றுநீரைக் குறித்த நேரத்தில், குறித்த ஆழத்தில் உறிஞ்சி, உலர்த்தி எடைபோடுவது) முன் உப்புப் போகக் கழுவியே ஆக வேண்டும். காவிரிப் படுகை வயல் மண்ணில் பழகிய கை இதை விட்டுவிடும். உப்பு இருந்தால் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வேகமாக இறங்கும். கணக்கில் களி (மிக நுண்ணிய துகள்) குறைந்து வண்டல் (அதைவிடச் சற்றுப் பெரியது) கூடும்.

கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். 1000 மி.லி. உருளையைக் கலக்கி வைத்த சில நிமிடத்தில் மேலே தெளிநீரும் கீழே திரிந்த பால் மாதிரித் திப்பிகளும் தெரிந்தால் தொலைந்தது. சரியாகப் பிரிந்த களி மணிக்கணக்கில் டீத்தண்ணி போலக் கலங்கியே நிற்கும்.

கழுவும் விதம்: காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இறுத்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளையாகத் திரிகிறதா? இன்னும் உப்பு இருக்கிறது. ஒரு கட்டத்தில் மேல்நீர் தெளியவே மறுக்கும். உப்புப் போனதற்கு அதுதான் அடையாளம். அவசரப்பட்டு அந்தக் கலங்கல் நீரைக் கொட்டினால் களியையே கொட்டுகிறீர்கள்.

அலையாத்திச் சேற்றில் மக்கிய இலைதழையை நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பொங்கி வழியும். பெரிய பீக்கர், சொட்டுச் சொட்டாக.

கணக்கில் தவறும் இடங்கள்:
- களித்துகள்கள் ஒட்டாமல் பிரிந்திருக்கச் சேர்க்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் லிட்டருக்கு 5 கிராம் என்றால், எடுக்கும் 20 மி.லி.யில் 0.1 கிராம் அதுவே. உலர்ந்த எடை 0.40 கிராம் என்றால் 0.30-ஐத்தான் 50-ஆல் (1000 ÷ 20) பெருக்க வேண்டும்: 15 கிராம். கழிக்க மறந்தால் 15 கிராம் சேற்றிலிருந்து 20 கிராம் வரும்!
- முதல் எடுப்பு கலக்கி நிறுத்திய 20 நொடியில், 20 செ.மீ. ஆழத்தில். களிக்கான எடுப்பு 10 செ.மீ. ஆழத்தில்: 20 டிகிரியில் சுமார் 2 மணி 2 நிமிடம். நம் ஊர் லேபில் 30 டிகிரி இருந்தால் சுமார் 1 மணி 37 நிமிடமே. தெர்மாமீட்டரைப் பார்க்காமல் அட்டவணையை நம்பாதீர்கள்.

கோர் (குழாயை இறக்கி எடுத்த சேற்றுத் தூண்) வரைதலில் நிறத்தை முதலில் குறியுங்கள். கருஞ்சேறு காற்றுப் பட்டதும் பழுப்பாகிவிடும். குழாயை 100 செ.மீ. இறக்கி, உள்ளே சேற்றின் மட்டம் வெளியே இருப்பதைவிட 12 செ.மீ. தாழ்ந்திருந்தால், 88 செ.மீ. கோர்தான் 100 செ.மீ. ஆழத்தைக் காட்டுகிறது. அமுங்கலைக் குறிப்பிடாத ஆழ அளவுக்கு மதிப்பில்லை. நண்டு வளையில் இறங்கிய மேல்மண்ணைத் தனி அடுக்காக வரைந்துவிடாதீர்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) ஓதத் தளம் (கடல்நீர் ஏறி வற்றும் சேற்றுச் சமவெளி) மேல்நோக்கி நுண்ணியதாகும் வரிசை என்று எல்லோரும் சொல்வார்கள்: கீழே மணல், நடுவே கலப்பு, மேலே களி. சரிதான். 'ஏன்' என்றால்தான் திணறுவார்கள். ஏற்றத்தில் (கடல்நீர் கரைப்பக்கம் ஏறும்போது) நீரோட்டம் தளர்ந்த இடத்திலேயே துகள் விழுவதில்லை. விழுந்து முடிப்பதற்குள் இன்னும் கரைப்பக்கம் போய்விடுகிறது. படிந்ததைக் கிளப்ப, படியவிட்டதைவிட வேகமான ஓட்டம் வேண்டும். வற்றத்தால் (நீர் இறங்கும் ஓட்டத்தால்) அதைத் திரும்ப இழுக்க முடிவதில்லை.

அப்புறம் நம் கரையின் விஷயம். நாகைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஓதத்துக்கே நீர்மட்ட வித்தியாசம் 1 மீட்டரை எட்டாது. ஓத வித்தியாசம் பெரிதான ஐரோப்பாவின் வட கடல் படங்களை அப்படியே இங்கே ஒட்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் கொண்டுவரும் சேற்றையும், 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் அது தடுபடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேற்றுக்கு நடுவே மணல் அடுக்கு வந்தால் உடனே '2004 சுனாமி' என்று அடிக்காதீர்கள். அரித்த, கூரான அடிவிளிம்பு, கிழித்தெடுத்த சேற்றுத் துண்டு, ஆழ்கடல்பக்க நுண்ணுயிர் ஓடு எல்லாம் பாருங்கள். 2018 நவம்பர் கஜா புயலும் இதே கரையில்தான் ஏறியது. காலக்கணிப்பு இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது என்று சொல்பவருக்கு மார்க் குறையாது.