மூன்று கோடியும் ஒரு மொய் நோட்டும்

ஆபீஸுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். "அண்ணா, மூணு கோடி சேர்த்துட்டா நாப்பத்தஞ்சுல வேலையை விட்டுரலாங்களாண்ணா?"

அவனுக்கு 27 வயது. கல்யாணம் ஆகவில்லை, மூன்று பேரோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிதான் அவனுடைய பெரிய செலவு. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கும் இரண்டு வருடமாக அதே அரிப்புதான் என்பதால் சிரிப்பு வரவில்லை. எனக்கு 43. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது, கோவை சரவணம்பட்டியில் கடன் முடிந்த ஒரு வீடு. சீக்கிரம் ஓய்வு பெறுவதற்கு 'ஃபயர்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஐடி உலகத்தில் ஃபயர் என்றால் வேலையை விட்டுத் தூக்குவது, அதுவும் 45ஐத் தாண்டியவர்களைத் தேடித்தான் வருகிறது, அதனால் இந்தக் கணக்கை ஆசைக்காகப் போடுகிறேனா பயத்துக்காகப் போடுகிறேனா என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

யாரைக் கேட்டாலும் சொல்லும் சூத்திரம் ஒன்றுதான். வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும், முதல் வருடம் அதில் 4 சதவீதம், பிறகு வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டி எடுத்துச் சாப்பிடலாம். இது 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கு. அமெரிக்கப் பங்குச் சந்தை, அமெரிக்கக் கடன் பத்திரம், அமெரிக்க விலைவாசி, 30 வருட ஓய்வு. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு 30 வருடம் தாராளம். 45இல் வேலையை விடுகிறவனுக்கு 90 வரை என்று வைத்தால் 45 வருடம் ஓட வேண்டும். மேலும் அங்கே 62க்கு மேல் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசுப் பென்ஷன் வரும், 65இல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வரும். நமக்கு 58இல் வருவது பி.எஃப். பென்ஷன், அதுவும் பெரும்பாலானவர்களுக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்ற வரம்புக்குள் கணக்கிடப்படுவதால் 35 வருடம் முழுசாக உழைத்திருந்தாலும் மாதம் 7,500. பாதியில் விட்டவனுக்கு அதைவிடக் குறைவுதான்.

சரி, வருடச் செலவு எவ்வளவு என்று தெரிந்தால்தானே மடங்கு போட முடியும். 2024 ஏப்ரலில் ஆரம்பித்து 2025 மார்ச் வரை ஒரு நோட்டில் எழுதினோம். எழுதியது மனைவி, தினமும் இரவில் ஜிபேயைப் பார்த்துச் சொன்னது நான். மாதச் செலவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது 72,000: ஸ்கூல் ஃபீஸ், மளிகை, பால், பெட்ரோல், கரண்ட், மகளின் டியூஷன் எல்லாம் சேர்த்து. அது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. தவறியது கடைசிப் பக்கத்தில் 'மற்றவை' என்று அவள் போட்ட பத்தியில். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அங்கே மட்டும் 4,16,000 ரூபாய்.

என்ன செலவு என்று பார்த்தோம். போர் மோட்டாருக்குக் காயில் கட்டியது, மூன்று மாதம் கழித்து அதே மோட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டது. கார் டயர். மகளுக்கு லேப்டாப். மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன். இவற்றுக்குக்கூட எக்ஸெல்லில் ஒரு வரி போட்டுவிடலாம். தங்கை மகளுக்குச் சீர் வைத்ததற்கு எந்த வரி போடுவது? தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பட்டுப்புடவை, அரை பவுன் மோதிரம், தட்டு வரிசை, வேன் வாடகை. இன்னும் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் இருக்கிறது, அதற்குப் பிறகு அவள் குழந்தைக்கு ஒன்று இருக்கிறது. "வேலையை விட்டுட்டேன், இந்த வருஷம் நாலு பர்சென்ட்தான் எடுக்கணும்" என்று தங்கை வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? மொய் அதற்கு மேல். எங்கள் கல்யாணத்தின் மொய் நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது, யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பெயரோடு ஊரோடு. 2008இல் 500 வைத்தவர் மகனுக்கு இன்று 500 வைத்தால் அது அவமானம், ஆக விலைவாசியோடு ஏறுகிற கடன் அது, வட்டி மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. வெளிநாட்டுக்காரன் எழுதிய எந்தக் கால்குலேட்டரிலும் இதற்குக் கட்டம் இல்லை.

ஆக 72,000த்தைப் பன்னிரண்டால் பெருக்கி 8,64,000, மற்றவை 4,16,000, மொத்தம் 12,80,000. 25 மடங்கு போட்டால் 3 கோடியே 20 லட்சம். தம்பி சொன்ன மூன்று கோடி ஒன்றும் அடிமுட்டாள்தனம் இல்லை என்று அப்போது தோன்றியது.

அப்புறம்தான் ஒரு வேலை செய்தேன். முதலீடு விலைவாசியைவிட எத்தனை சதவீதம் அதிகமாக வளரும் என்பதை மட்டும் மாற்றி மாற்றி, 45 வருடத்துக்குப் பணம் தாங்க எவ்வளவு வேண்டும் என்று பார்த்தேன். விலைவாசியைவிட 3 சதவீதம் அதிகம் கிடைத்தால் 24.5 மடங்கு, அதாவது 3.14 கோடி. 2 சதவீதம்தான் என்றால் 29.5 மடங்கு, 3.78 கோடி. 1 சதவீதம்தான் என்றால் 36 மடங்கு, 4.6 கோடி. விலைவாசிக்குச் சமமாக மட்டும் வளர்ந்தால், வேறு என்ன, 45 மடங்கு. எல்லாப் பணத்தையும் பேங்க் டெபாசிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பவர்கள் இந்தக் கடைசி இரண்டு கணக்குகளில்தான் இருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். 45இல் 12.8 லட்சம், 57இல் 25.6, 69இல் 51, 81 வயதில் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல். அந்த ஒரு கோடியைப் பார்த்ததும் மனைவி "எண்பத்தோரு வயசுல நாம எதுக்குங்க ஒரு கோடி செலவு பண்றோம்?" என்று கேட்டாள். இன்றைக்கு வாங்குகிற அதே பாலும் அதே தக்காளியும்தான் என்றேன். நம்பவில்லை.

சரி, பங்கு மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் 3 சதவீதத்துக்கு மேலேயே கிடைக்குமே என்று கேட்கலாம். நீண்ட காலத்தில் கிடைக்கலாம். ஆனால் சம்பளத்திலிருந்து மாதா மாதம் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுகிறவனுக்கும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவனுக்கும் சந்தை ஒன்றல்ல. 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது, அதே வருடம் அக்டோபரில் 8,000க்குக் கீழே போய் வந்தது. 2010 தீபாவளியில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கி, 2013 கடைசியில்தான் பழைய உச்சத்தைத் தாண்டியது. அந்த நடு வருடங்களில் விலைவாசி 9, 10 சதவீதம் என்று ஏறிக்கொண்டிருந்தது. வேலையில் இருந்தவனுக்கு அது மலிவாக வாங்கிப் போட்ட காலம். 2007 டிசம்பரில் வேலையை விட்டவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள், பாதிக்கும் கீழே போன குவியலிலிருந்து மாதா மாதம் ஃபண்டு யூனிட்டை விற்று மளிகை வாங்க வேண்டும், மளிகையும் ஏறிக்கொண்டே இருக்கும், விற்ற யூனிட் சந்தை எழும்போது திரும்ப வராது. முதல் ஐந்து, பத்து வருடம் எப்படி அமைகிறது என்பதில்தான் மொத்தமும் தொங்குகிறது, அதுவோ நம் கையில் இல்லை. ஐந்து வருடச் செலவை டெபாசிட்டில் ஒதுக்கி வைத்தால் தப்பிக்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அப்படி ஒதுக்கிய பணம் குறைவாக வளரும், மடங்கு மறுபடி ஏறும்.

வரியை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதினாலே தலைவலி வருகிறது. பங்கு ஃபண்டில் நீண்ட கால லாபத்துக்கு 2018 மார்ச் வரை வரியே கிடையாது. பிறகு ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் வந்தது. 2024 ஜூலையில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம் ஆனது. கடன் பத்திரங்களில் போடும் கடன் ஃபண்டுக்கு இருந்த வரிச் சலுகை 2023 ஏப்ரலுக்குப் பிறகு போட்ட பணத்துக்குப் போய்விட்டது. ஏழு வருடத்துக்குள் இத்தனை மாற்றம் என்றால் நான் 45 வருடத்துக்குப் போட்ட எக்ஸெல்லை என்னவென்று சொல்வது.

அப்பாவிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாதம் 42,000 பென்ஷன், விலைவாசி ஏற ஏற அகவிலைப்படியும் ஏறும், அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன். விலைவாசியோடு ஏறுகிற அதே 42,000த்தை நான் முதலீட்டிலிருந்து உண்டாக்க வேண்டும் என்றால், 30 மடங்கு கணக்கில், ஒன்றரைக் கோடி வேண்டும். ஒன்றரைக் கோடிச் சொத்துக்காரர் என்று தெரியாமலே மனிதர் சந்தையில் கீரைக் கட்டுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தச் சைட் இருக்குதல்ல?" இருக்கிறது, அஞ்சு சென்ட், 2013இல் வாங்கியது. விலை ஏறியிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது மாதா மாதம் ஒரு ரூபாய் தராது, புல் வெட்ட நான்தான் கொடுக்கிறேன். வீடாகவே இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் தெருவில் 70 லட்சம் போகும் வீட்டுக்கு வாடகை 16,000, அதாவது வருடத்துக்கு 3 சதவீதம்கூட இல்லை, அதிலும் பெயின்ட்டும் வீட்டு வரியும் போக வேண்டும்.

ஆஸ்பத்திரி விஷயத்தை மாமியார் ஆபரேஷனில்தான் கற்றுக்கொண்டேன். என் ஆபீஸ் குரூப் பாலிசியில் அவரும் இருந்தார், முழுசாகக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பாலிசியில் அறை வாடகை வரம்பு 5,000, நாங்கள் எடுத்த அறை 7,500. கூடுதல் 2,500ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்பது என் நினைப்பு. அப்படி இல்லை, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில், மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் கவுன்டரில் நின்று 71,000 கட்டினேன். வேலையை விட்டால் இந்தக் குரூப் பாலிசியே இல்லை. நாமே புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதனால் ஓய்வு பெறுகிறோமோ இல்லையோ, வேலையில் இருக்கும்போதே எங்கள் நான்கு பேருக்கும் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிட்டேன். இந்த மொத்த ஆராய்ச்சியில் உருப்படியாக நடந்த முதல் காரியம் அதுதான்.

பிள்ளைகள் செலவு இன்னும் வரவே இல்லை. மகள் காலேஜுக்கும் மகன் காலேஜுக்கும் சேர்த்து ஒன்பது வருடம், 12.8 லட்சத்துக்கு மேல் தனியாக. கல்யாணத்துக்கு நகை போட மாட்டோம் என்று நானும் மனைவியும் வீரமாகப் பேசிக்கொள்கிறோம். 2024 மார்ச்சில்தான் ஒரு பவுன் முதல்முறையாக 50,000த்தைத் தாண்டியது, 2025 டிசம்பரில் லட்சத்தைத் தாண்டிவிட்டது, வீரத்துக்குப் பாதிக் காரணம் அது.

விட்டவர்களை நான் பார்த்ததே இல்லையா என்றால், பார்த்திருக்கிறேன். அடுத்த தெருவில் ஒருத்தர் 46இல் விட்டுவிட்டுத் தோட்டம் பார்க்கிறார், எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள். அவர் மனைவி 2003 ஏப்ரலுக்கு முன்னால் அரசு வேலையில் சேர்ந்தவர், பழைய பென்ஷன். அது ஓய்வு இல்லை, ஒரு சம்பளத்தில் நடக்கும் நல்ல குடும்பம். பிள்ளை இல்லாத தம்பதி, வெளிநாட்டில் பத்துப் பதினைந்து வருடம் இரண்டு பேரும் சம்பாதித்துத் திரும்பியவர்கள், இவர்களுக்கெல்லாம் முடியும். எங்களைப் போல இரண்டு பிள்ளை, வயதான பெற்றோர், உள்ளூர்ச் சம்பளம் என்று இருக்கும் வீட்டுக்கு 45இல் முழுசாக விடுவது நடக்காது என்றுதான் நான் சொல்வேன். எங்களிடம் இருப்பது பி.எஃப். 41 லட்சம், பி.பி.எஃப். 19, ஃபண்டு 68. கூட்டினால் 1.28 கோடி, சரியாகப் பத்து மடங்கு.

பாதி ஓய்வு முடியும் என்று தோன்றுகிறது. அதே 2 சதவீதக் கணக்கில், முதல் பத்து வருடம் மாதம் 50,000 எப்படியாவது சம்பாதித்தால், தேவைப்படும் குவியலில் 54 லட்சம் குறைகிறது. மேலும் அந்தப் பத்து வருடம்தானே ஆபத்தான பத்து வருடம், அப்போது யூனிட்டை விற்காமல் தப்பிக்கலாம். பகுதி நேரமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக் கொடுப்பது, சின்ன கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுப்பது என்று இரண்டு வாசல் திறந்து வைத்திருக்கிறேன். மகன் காலேஜ் முடிக்கும்போது எனக்கு 56 ஆகியிருக்கும், ஐம்பதில் முழு வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம், மனைவி இன்னும் தலையாட்டவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் ஒரு நாள் விளக்கமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். போன வாரம் அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீதை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, கீழேயே "அண்ணா, அந்த எக்ஸெல் அனுப்புங்ணா" என்று கேட்டிருக்கிறான். அதை அனுப்பிவிட்டேன். மொய் நோட்டையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.