புல் செழித்தால் தீனும் செழிக்குமா? கோண்டாவில் வளவில் செய்து பார்த்தது

எந்த உரம் பசுவுக்கு நல்ல தீன் தரும் என்று பார்க்க, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவின் பின்பக்கம் நெடுங்காலமாக உழாமல் கிடக்கும் புல்தரையை மாரி தொடங்கும் முன் மூன்று பாத்திகளாகப் பிரித்தேன். ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்கு மக்கிய மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும், மூன்றாவதற்கு எதுவும் இல்லை.

யூரியாப் பாத்தி சில கிழமைகளிலேயே கரும்பச்சையாகிவிட்டது. விளைச்சலில் அதுவே முதலிடம். ஆனால் புல்லை விலக்கி அடியைப் பார்த்தால் சிறுபுள்ளடி என்ற படர்பூண்டு அனேகமாக இல்லை. உயர்ந்த புல் அதன் வெயிலைப் பறித்துவிட்டது. சாம்பல் பாத்தியிலோ அறுகின் கணுக்களுக்கிடையே அது மூன்று மூன்று இலையாகப் படர்ந்து, மண் தெரியாமல் மூடியிருக்கிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள அவரைக் குடும்பப் பூண்டு அது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் நடந்துவரும் புல்தரைச் சோதனையிலும் இதுவே தெரிகிறது: தழைச்சத்து (யூரியாவில் இருக்கும் நைதரசன்) மட்டும் இட்ட துண்டுகளில் செடிவகைகள் குறைந்தன, மணிச்சத்தும் (பொசுபரசு) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இட்ட துண்டுகளில் அவரையினங்கள் பெருகின.

யூரியா இட்ட புல்லில் புரதம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆய்வுகூடத்தில் தழைச்சத்தை அளந்து 6.25 ஆல் பெருக்கியே புரதம் என்கிறார்கள். புரதமாக மாறாத தழைச்சத்தும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். மாரியின் மந்தார நாட்களில் வெயில் போதாமல் புல்லில் தழைச்சத்து நைட்ரேட்டாகவே தேங்கும், அதிலும் தண்டின் அடியில் கூடுதலாக. பசுவின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி, இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைத் தடுக்கும். எங்கள் பகுதியான வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில் தோட்ட உரம் கிணற்றுக்கும் இறங்குகிறது. அந்தத் தண்ணீரையே பசுவும் குடிக்கிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதனால் மழை மூட்டம் நிற்கும்போது யூரியா இடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இட்டாலும் சிறுகச் சிறுகப் பிரித்து, ஈரம் பார்த்துத்தான்.

சாம்பலையும் அள்ளிக் கொட்டக்கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் மிகுந்தால் புல் மக்னீசியத்தைக் குறைவாக எடுக்கும். கறவைப் பசுவுக்கு அது ஆபத்து. நம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் இருப்பதால் சாம்பலின் காரமும் இங்கு அவ்வளவாகத் தேவையில்லை.

எந்த உரமானாலும் வெட்டும் பருவம் தவறினால் பயனில்லை. பூத்து முற்றிய புல்லில் நார் ஏறி, பசு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்குகிறது. இப்போது கதிர் தலைகாட்டும் முன்பே அறுக்கிறேன். சித்திரை வெயிலுக்குப் பிறகு சாம்பல் பாத்தியில் பாதிக்கு மட்டும் மணிச்சத்து உரம் இட்டு, சிறுபுள்ளடி இன்னும் அடர்கிறதா என்று பார்க்கப்போகிறேன்.