பிரேக் மட்டும்: சிமுலேட்டரில் எட்டு வாரம்

எட்டு வாரமாக ரேஸிங் சிமுலேட்டரில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பழகுகிறேன். திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கை எங்கே மிதிப்பது, எவ்வளவு பலமாக மிதிப்பது, அப்புறம் எப்படி விடுவது. டிராக் இத்தாலியின் மோன்சா, 5.793 கி.மீ., கார் ஏபிஎஸ் (பலமாக மிதித்தாலும் சக்கரம் சுழல்வது நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இல்லாத சின்ன ஃபார்முலா ரேஸ் கார். நீண்ட நேர்கோடு முடிந்ததும் முதல் ஷிகேன், அதாவது அடுத்தடுத்து எதிரெதிராக வளையும் திருப்பம் வருகிறதே, அங்கே ஒவ்வொரு லேப்பிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், ஒரு பரீட்சை.

முதல் இரண்டு வாரம் பழைய பெடலில் போனது. அது கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிற வகை, ஆனால் என் காலுக்கு தூரம் நினைவில் நிற்கவே இல்லை, நேற்று சரியாக மிதித்த இடம் இன்று தப்பியது. பத்து லேப் ஓட்டினால் நல்ல லேப்புக்கும் மோசமான லேப்புக்கும் 2.4 வினாடி வித்தியாசம் வந்தது.

மூன்றாம் வாரம் லோட் செல் பெடலுக்கு மாறினேன். இது அதிகம் இறங்காது, மேலே விழும் அழுத்தத்தைத்தான் அளக்கும். முழு பிரேக்கை 40 கிலோவில் வைத்தேன். முதல் நாள் மிதித்த மிதியில் நாற்காலி பின்னால் போய்விட்டது, அதைக் கட்டி நிறுத்திய பிறகுதான் உருப்படியாகப் பழக முடிந்தது. நான்கைந்து நாளில் அந்த அழுத்தம் தொடையில் பதிந்துவிட்டது. லேப் வித்தியாசம் 1.3 வினாடிக்கு இறங்கியது. இத்தனைக்கும் வேறு எதையும் நான் மாற்றவில்லை.

ஆனால் முன்சக்கரம் அடிக்கடி லாக் ஆனது, அதாவது சுழலாமல் நின்று வழுக்கியது. நிஜக் காரில் உடம்பு முன்னால் தள்ளப்படும், அதை வைத்தே டயர் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே நாற்காலி அசையாமல் இருக்கிறது, கையும் காதும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால் டயர் வழுக்கத் தொடங்கும்போது 'பீப்' அடிக்கும்படி வைத்தேன், பெடலுக்கு அடியில் அதிர்வு மோட்டார் ஒன்றையும் மாட்டினேன். அன்றைக்கே லாக் ஆவது பாதியாகக் குறைந்தது, எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பழையபடி லாக், சில லேப்பில் முன்பைவிட மோசம். கால் எதையும் கற்றிருக்கவில்லை, பீப் கேட்டால் விடு என்பதை மட்டும்தான் கற்றிருந்தது. இதைப் பற்றித் தேடியபோது வின்ஸ்டீன், ஷ்மிட் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. ஒரு கையசைவைப் பழக்கும்போது ஒவ்வொரு முறையும் முடிவைச் சொல்வதைவிட, ஆரம்பத்தில் அதிகம் சொல்லி போகப்போகக் குறைத்து, மொத்தத்தில் பாதித் தடவை மட்டும் சொன்னால், பின்னால் எதுவும் சொல்லாமல் சோதிக்கும்போது நன்றாகச் செய்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். என் பெடலில் நடந்ததற்கு அப்படியே பொருந்தியது.

ஆறாம் வாரத்திலிருந்து முதல் பத்து லேப்புக்கு பீப் உண்டு, அடுத்த பத்தில் ஒன்று விட்டு ஒன்று, கடைசிப் பத்தில் கிடையாது. ஒவ்வொரு லேப் முடிந்ததும் பிரேக் அழுத்தத்தைக் கோடாகக் காட்டும் கிராஃபைத் திறக்கும் முன், எந்தத் திருப்பத்தில் லாக் ஆனது என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகுதான் பார்க்கிறேன், இந்தப் பழக்கம் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. இப்போது பிரேக் கோடு ஒரே ஏற்றமாக ஏறி, திருப்பத்துக்குள் போகப்போக சரிவாக இறங்குகிறது. முன்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

போன வாரம் நிஜ டிராக்கில் வாடகை கோ-கார்ட் (சின்னத் திறந்த ரேஸ் வண்டி) ஓட்டினேன். இரண்டாம் லேப்பிலேயே வண்டி வழுக்கிச் சுழன்றுவிட்டது. அதில் பிரேக் பின் அச்சில் மட்டும்தான், சிமுலேட்டர் பழக்கத்தில் திருப்பத்துக்குள்ளும் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தேன், பின்பக்கம் கழன்று போனது. நேராக இருக்கும்போதே மிதித்து முடித்துவிட வேண்டும் என்று புரிந்த பிறகு சரியானது. கண் தானாகவே அடுத்த திருப்பத்தைத் தேடிப் போனதும், பிரேக்கை வெடுக்கென்று விடாமல் மெதுவாக விட்டதும் சிமுலேட்டர் தந்தவை. இடுப்பில் வந்த தள்ளல் மட்டும் முற்றிலும் புதிது, அதைப் படிக்கவே அரை மணி நேரம் போனது.

இப்போது பீப் இல்லாத பத்து லேப்பில் வித்தியாசம் 0.8 வினாடி. அடுத்த இரண்டு வாரம் அதிர்வு மோட்டாரையும் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் கவனித்து ஓட்டப் போகிறேன். முன் டயர் பிடியை இழக்கும் முன் கையில் கனம் லேசாகக் குறைகிறது, மெதுவான திருப்பங்களில் அது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.