ஒரு மணி நேரப் பேச்சுக்கு எத்தனை மணி நேர வேலை?

பெரியவர்களைப் பேசவைத்து அவர்கள் நினைவுகளைப் பதியும் வாய்மொழி வரலாற்றுப் பணிக்குத் தனியாளாக விலை சொல்பவர்கள் முதலில் சறுக்குவது கணக்கில்தான். இருபது பெரியவர்கள், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் முப்பது மணி நேர வேலை என்றே வேலையை ஒப்படைப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சுத் தமிழை எழுத்தில் இறக்க 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். மறுபடி கேட்டுத் திருத்த 2, நேரக் குறிப்போடு சுருக்கம் எழுத 1, முன்கூட்டியே நேரில் போய் வரவும் பேசிப் பழகவும் 2. பேச்சைப் பதியும் அந்த 1 மணியையும் சேர்த்தால், குறைத்துப் போட்டாலும் ஒரு மணிப் பேச்சுக்கு 12. அந்த முப்பது மணி நேரம் 360 ஆகிறது. நாளுக்கு 8 மணி வீதம் 45 நாள். விலையை இதற்குச் சொல்லுங்கள்.

முதல் தடவை ரெக்கார்டர் இல்லாமல் போங்கள். எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், எங்கே இருக்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பாதுகாக்கலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் போடலாமா, படம் போடலாமா என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேசத் தொடங்கும் முன் வாய்ச் சம்மதம், பேசி முடித்த பிறகு கையெழுத்து. என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாத நிலையில் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதிப்பதையும் குரலாகவே பதிந்துவிடுங்கள்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். உரத்த குரலும் ரெக்கார்டர் காட்டும் ஒலி அளவில் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பிலும் அழுகையிலும்தான் ஒலி உடையும், அந்த இடங்கள் திரும்பக் கிடைக்காது. காலர் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தாலிக்கொடியோ மணிமாலையோ உரசினால் எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். எண்பது வயதுக்காரரை மே மாத மதியத்தில் அப்படி உட்கார வைப்பது கொடுமை; காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பிரிட்ஜை அணைத்தால் உங்கள் பைக் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். மறுபடி போட மறந்துவிட்டுக் கிளம்ப முடியாது.

"எந்த வருஷம்?" என்ற கேள்வி பெரும்பாலும் வீண். ராமேசுவரம், பாம்பன் பக்கத்தில் "புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் அது. அங்குள்ள மூத்தவர்களின் காலமே அதை வைத்துத்தான் பிரிகிறது. தமிழ் ஆண்டைச் சொன்னால் அறுபது ஆண்டுச் சுற்றைப் பாருங்கள். 1964-65 குரோதி, 2024-25ம் குரோதி. அணாவில் விலை சொன்னால் அது 1957க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்த பிறகும் 25 காசு பல காலம் நாலணாவாகத்தான் இருந்தது. சொன்ன ஆண்டு தவறென்று தெரிந்தாலும் எழுத்தில் மாற்றாதீர்கள். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் உங்கள் குறிப்பைப் போடுங்கள்.

அதிகம் பாழாவது எழுத்தில் இறக்கும்போதுதான். "கச்சான் பெருத்துச்சு, வள்ளத்த ஏத்திட்டோம்" என்பதை "மேற்குக் காற்று பலத்ததால் படகைக் கரையேற்றினோம்" என்று நல்ல தமிழாக்கித் தருகிறார்கள். காற்றின் பெயரும் கலத்தின் பெயரும் போய்விட்டன, பேசியவரும் போய்விட்டார். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்ற காற்றுப் பெயர்கள் எல்லாம் வாயில் வந்தபடியே நிற்க வேண்டும். விளக்கம் சொற்பட்டியலில் இருக்கட்டும். ஈழத்து வாசகருக்குக் கச்சான் என்றால் வேர்க்கடலையும்தான், அதனால் பட்டியல் கட்டாயம் வேண்டும். தானாக எழுதும் மென்பொருள் வட்டார வழக்கில் தடுமாறுகிறது. அதை நம்பி நாட்களைக் குறைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் பதிப்புரிமையை எழுத்தில் தெளிவாக்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, முதல் தவணை கைக்கு வந்ததும் களத்தில் இறங்குங்கள்.

குடும்பத்துக்கான பிரதியை மட்டும் எந்தத் தவணையோடும் கட்டாதீர்கள். பதிவு முடிந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். இதற்கு எம்பி3 போதும். 128 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் 58 எம்பிதான் வரும். மெமரி கார்டில் போட்டு, பெரியவரின் பெயரையே கோப்பின் பெயராக வைத்து, வீட்டில் இருக்கும் போனில் செருகி ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.