ஆயிரம் வெள்ளிக் கோடு

சிங்கப்பூரின் உபி தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. துப்புரவு நிறுவனம். 2006இல் அங்கே குத்தகைக் கணக்குப் பார்க்கும் எழுத்தராகச் சேர்ந்தேன். ஓர் அலுவலகக் கட்டடத்தையோ, சிறு உணவுக் கடைகள் சேர்ந்திருக்கும் உணவங்காடி நிலையத்தையோ இரண்டு ஆண்டுகளுக்குச் சுத்தம் செய்ய எவ்வளவு கேட்கலாம் என்று கணக்குப் போட்டு, குறித்த நாளில் குறித்த மணிக்குள் ஏலக்குத்தகையை, அதாவது டெண்டரை, சேர்ப்பிக்க வேண்டும். ஆள் எண்ணிக்கை, சம்பளம், மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பு, மலேசிய ஊழியர்களுக்காக அரசாங்கத்திடம் கட்டும் தீர்வை, சோப்புத் திரவம், இயந்திரத் தேய்மானம், கடைசி வரியில் லாபம். எங்கள் கணக்கில் பத்தில் ஏழு பங்கு சம்பளத்துக்கே போய்விடும்.

முதலாளித்துவம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எந்தத் தத்துவமும் நினைவுக்கு வராது. எங்கள் முதலாளிதான் வருவார். பீச் ரோட்டுக் கடைவீடுகளில் இரவு நேரத்தில் தனியாளாகத் தரை துடைத்துத் தொழிலைத் தொடங்கிய சீனர். நான் சேர்ந்தபோது முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி ஏதாவது ஒரு கட்டடத்துக்குச் சொல்லாமல் போவார். கழிப்பறையில் முழங்காலிட்டு ஓடுகளின் இடுக்கை விரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். எந்த அமைச்சும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் போய்விடக் கூடாது என்ற அக்கறை செய்ய வைத்தது. அந்த அக்கறையால் நகரம் எவ்வளவு சுத்தமாகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். சந்தையை இழித்துப் பேசுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாததற்கு அவரே காரணம்.

2010இல் நடந்ததை மட்டும் மறக்க முடியவில்லை. ஒரு வணிகக் கட்டடத்தை ஆறு ஆண்டுகளாக நாங்கள் பார்த்துவந்தோம். பன்னிரண்டு துப்புரவாளர்கள், பெரும்பாலோர் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். மாதச் சம்பளம் 650 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். குத்தகை புதுப்பிக்கும் காலம் வந்தபோது முதலாளி, ஆளுக்கு ஐம்பது வெள்ளி கூட்டிக் கணக்குப் போடச் சொன்னார். அரிசி விலை ஏறிவிட்டது, இவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார். போட்டேன். குத்தகை கைவிட்டுப் போனது.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் இயந்திரங்களைத் திரும்ப எடுத்துவர அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மூன்றாம் மாடியில் எங்களிடம் வேலை பார்த்த அதே தமிழ் அம்மா, அதே வாளியோடு நின்றார். சட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது. புது நிறுவனம் அவரையே வேலைக்கு எடுத்திருந்தது, 600 வெள்ளிக்கு. "இந்த வயதில் வேறு எங்கே போவேன் தம்பி? பஸ் ஒரே பஸ்தான், அதனால் இங்கேயே இருந்துவிட்டேன்" என்றார்.

யாரைக் குற்றம் சொல்வது என்று நெடுநாள் யோசித்தேன். குத்தகையை எடுத்தவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் அலுவலக வாடகை இருக்கிறது. கட்டட நிர்வாகிக்கு மேலிடம் கொடுத்த தொகை அவ்வளவுதான். எங்கள் முதலாளி மனம் இரங்கினார், அதற்கு அவர் கொடுத்த விலை அந்தக் கட்டடம். ஒப்பந்தத்தில் 'பன்னிரண்டு ஆட்கள்' என்று எழுதியிருந்ததால் இயந்திரம் வாங்கி ஆளைக் குறைக்கவும் வழியில்லை. விலையைக் குறைக்க மிஞ்சியிருந்த ஒரே இடம் சம்பளம். எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு அங்கேயே வெட்டினோம். நானும் வெட்டியிருக்கிறேன், வேறு பல குத்தகைகளில். அரசு சார்ந்த அமைப்புகளின் குத்தகைகளும் அதில் அடங்கும். மலிவான விலையே அங்கேயும் பெரும்பாலும் வென்றது.

2012இல் அரசாங்கமும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து துப்புரவுத் துறைக்கு, படிப்படியாக உயரும் சம்பள முறையை வகுத்தார்கள். முதலில் அது விருப்பம் சார்ந்ததாக இருந்தது; சிலரே பின்பற்றினார்கள். 2014 செப்டம்பர் முதல் துப்புரவு நிறுவனம் நடத்த உரிமம் கட்டாயமானது. சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ உள்ள துப்புரவாளருக்குக் குறைந்தது 1,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம் கொடுப்பது அந்த உரிமத்தின் நிபந்தனையாக இருந்தது. முதலாளி கொதித்தார். "என் கடைக்குள் வந்து உட்கார்ந்து அரசாங்கம் சம்பளம் எழுதுமா?" என்று மேசையைத் தட்டினார். பாதிக்கு மேல் நானும் அவர் பக்கம்தான் இருந்தேன்.

அதற்கு அடுத்த குத்தகைக் கணக்கில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது. ஆயிரத்துக்குக் கீழே யாரும் போக முடியாது என்றால், எதிராளியும் போக முடியாது. அந்த வரியில் மோதிப் பயனில்லை. பிறகு எதில் மோதுவது? ஏறி உட்கார்ந்து ஓட்டும் தரை தேய்க்கும் இயந்திரத்தின் விலைப்பட்டியல் முதலாளியின் மேசையில் மூன்று ஆண்டுகளாகக் கிடந்தது. பழைய சம்பளத்தில் அதற்குப் போட்ட பணம் திரும்பாது. புதிய சம்பளத்தில் இரண்டரை ஆண்டில் திரும்பும் என்று கணக்குக் காட்டியது. வாங்கினார். மேற்பார்வையாளர்கள் நடைவழிகளை மாற்றி வரைந்தார்கள். வாடிக்கையாளர்களிலும் சிலர் எத்தனை ஆள் என்று கேட்பதை விட்டு, எவ்வளவு சுத்தம் என்று கேட்கும் ஒப்பந்தங்களுக்கு மாறினார்கள். போட்டி குறையவில்லை, கூடியது என்றே சொல்வேன். முதியவர்களின் வயிற்றிலிருந்து அது இடம் பெயர்ந்திருந்தது.

எங்கள் ஆட்கள் வேலை செய்த உணவங்காடி நிலையங்களைப் பார்த்தால், அடித்தளத்தை அரசாங்கம் போட்டு அதன்மேல் போட்டியை விடுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்று தோன்றும். 1971 முதல் 1986 வரை தெருவோர வியாபாரிகளைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். குழாய்த் தண்ணீர், மின்சாரம், சாக்கடை, குப்பை அகற்றல் எல்லாம் பொதுப் பொறுப்பு. புரோட்டாவுக்கு எவ்வளவு நெய் விடலாம், குழம்பு எவ்வளவு காரமாக இருக்கலாம் என்பதை எந்த அதிகாரியும் சொல்லவில்லை. அடுத்த கடையில் கூட்டம் சேர்ந்தால் இவர் தன் கைப்பக்குவத்தை மாற்ற வேண்டும். ஜூரோங் தொழிற்பேட்டையும் அப்படித்தான். 1961இல் அன்றைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீ சதுப்புநிலத்தைத் தூர்த்து ஆலை மனைகள் போட முனைந்தபோது, கோவின் மடமை என்று ஏளனம் செய்தார்கள். நிலம், சாலை, துறைமுகம் அரசாங்கம் தந்தது; மூலதனமும் தொழில்நுட்பமும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தன. ஆலை நடத்தும் கவலை ஆலைக்காரர்களுடையது.

என்றாலும் இந்த விதி எல்லாருக்கும் நல்லதையே செய்தது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். எங்கள் மாடியிலேயே கணவனும் மனைவியும் ஆறு ஆட்களை வைத்து ஒரு சிறு நிறுவனம் நடத்தினார்கள். எங்களைவிட நன்றாகச் சுத்தம் செய்பவர்கள். உரிமம், பயிற்சிச் சான்றிதழ், ஒவ்வொரு மாதமும் பதிவேடு என்று காகிதம் குவிந்தது. சில மாலைகளில் நான் போய்ப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். பெரிய நிறுவனத்துக்கு ஓர் எழுத்தரின் வேலையாக முடிவது, சிறிய நிறுவனத்துக்கு மூச்சு முட்டுகிற சுமை. விதி எழுதுகிறவர்கள் ஆறு பேர் கடையையும் கண்முன் வைத்து எழுத வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. விடியற்காலையில் ஜோகூர் பாலம் கடந்து வேலை அனுமதிச் சீட்டில் வரும் மலேசியப் பெண்களுக்கு இந்தக் குறைந்தபட்சச் சம்பளக் கோடு இல்லை. ஒரே மாடியில், ஒரே துடைப்பத்தோடு நிற்கிற இருவரில் ஒருவருக்கு மட்டும் தரையைக் கட்டிக் கொடுத்தோம். தீர்வை கட்டுகிறோம், செலவு சமமாகிவிடுகிறது என்று முதலாளி சொல்வார். கணக்கில் சமமாகலாம், அந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணத்தில் சமமாகவில்லை. இதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

2023 ஜூலையில் துப்புரவாளருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 1,570 வெள்ளியானது. மூன்றாம் மாடி அம்மா அதற்குள் எங்களிடமே திரும்பி வந்து, ஓர் உணவங்காடி நிலையத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். சம்பளச் சீட்டைக் கொடுக்க நானே போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணை இரண்டு முறை படித்தார்.

"பக்கத்து கம்பெனியிலும் இவ்வளவுதானா தம்பி?"

"அங்கேயும் இதற்குக் குறைந்து கொடுக்க முடியாது அம்மா."

"அப்படியென்றால் அந்தப் பழைய மேற்பார்வையாளரை மாற்றச் சொல்லுங்கள். கத்திக்கொண்டே இருக்கிறார். இல்லாவிட்டால் நான் அங்கே போய்விடுவேன்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் முதலாளியிடம் சொன்னேன். அடுத்த வாரம் மேற்பார்வையாளரை மாற்றினார்.