எம்3 அரியர்: நாட்குறிப்பு

பிப்ரவரி 6

மாலையில் செமஸ்டர் தேர்வு முடிவு வந்தது. இணையதளம் திறந்தால்தானே! விடுதியே பதிவு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் திறந்தபோது ஒன்பது மணி. மற்ற தாள்கள் தேறிவிட்டன. எம்3க்கு நேரே ‘யூ’: தேறவில்லை, மறுபடி எழுத வேண்டிய அரியர். இந்தக் கணிதத் தாளில் விழாத மெக்கானிக்கல் வகுப்பு எங்கே இருக்கிறது என்று அறைத்தோழன் ஆறுதல் சொன்னான். அவன் தேறிவிட்டான்.

பிப்ரவரி 7

அப்பா திட்டவில்லை. "மறுபடி எழுதப் பணம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். சித்தி மகன் அண்ணன்தான் சிரித்தார். 2020இல் கொரோனாவின்போது, கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தாள்களும் தேர்ச்சி என்று முதல்வர் பழனிசாமி அறிவித்தார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. "நீ தாமதமாகப் பிறந்துவிட்டாய் தம்பி" என்கிறார்.

பிப்ரவரி 16

விடைத்தாள் நகல் வந்துவிட்டது. 100க்கு 41. கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணில் 40க்கு 34 வைத்திருக்கிறேன். 41ஐ 60க்குச் சுருக்கினால் 24.6, இரண்டும் சேர்ந்து 58.6. தேர்ச்சிக்கு மொத்தம் 50 போதும். ஆனால் எழுத்துத் தேர்வில் தனியாக 45 வேண்டும். அந்த நான்கு மதிப்பெண்ணில் மாட்டிக்கொண்டேன்.

13ஆம் கேள்வி, வெப்பச் சமன்பாடு, அதற்கும் 13 மதிப்பெண். எல்லை நிபந்தனைகள் எழுதி, மாறிகளைப் பிரித்து, ஃபூரியர் கெழு வரை வந்திருக்கிறேன். இரண்டு பக்கம். ஓரத்தில் சிவப்பு மையில் 4. வேறு ஒரு கோடுகூட இல்லை. கணித மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். "நான் திருத்தியிருந்தால் 8 போட்டிருப்பேன்." கூட்டிப் பார்த்தேன். சரியாக 45.

விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்லி ரீவேல்யூவேஷனுக்குப் போட்டாயிற்று.

பிப்ரவரி 25

எல்லாரும் வேலைவாய்ப்பைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று கேட்கும் நிறுவனங்களைப் பற்றிக் கவலையில்லை, எழுதித் தீர்த்துவிடலாம். அரியர் வரலாறே கூடாது என்பவர்களை என்ன செய்வது? டிஸ்டிங்ஷனும் அப்படித்தான்: எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி, சிஜிபிஏ, 8.5 இருந்தாலும் எல்லாத் தாளும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். மே மாதம் இதே தாளில் 90 வாங்கினாலும் பயனில்லை. என்னைக் கேட்டால் இது படிப்பை அளக்கும் விதியே அல்ல. ரீவேல்யூவேஷனில் தேறினால் மட்டும் முதல் முயற்சிக் கணக்கு. அதற்குத்தான் இந்த அலைச்சல்.

மார்ச் 7

அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள். ரீவேல்யூவேஷன் முடிவு வரவில்லை. அலுவலகத்து அண்ணன், "கட்டி வை தம்பி, தேறிவிட்டால் பணம்தானே போகும்" என்றார். கட்டினேன்.

மார்ச் 21

"மாற்றமில்லை."

அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். "சரி, எழுது" என்றார். டிஸ்டிங்ஷன் போனது போனதுதான்; 6.5 எடுத்தால் முதல் வகுப்பு கிடைக்கும். சனிக்கிழமை மதியம் மூன்றாவது யூனிட்டை மட்டும் மறுபடி நடத்தித் தருவதாக மேடம் சொல்லியிருக்கிறார். இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். வெப்பச் சமன்பாட்டிலிருந்தே தொடங்கச் சொல்லப்போகிறேன். அந்த 13 மதிப்பெண்ணில் இனி யாரும் கை வைக்கக் கூடாது.